கரையில் இறக்கிய அம்மன்

புதுச்சேரி
சனிக்கிழமை இரவு

அன்புள்ள அண்ணன் எழிலரசனுக்கு உன் தங்கை இனியா எழுதுவது. நீ அங்கே பஹ்ரைனில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், படகில் காற்றுத் தொந்தரவு இல்லாமல் இருக்க நம் கெங்கையம்மன் துணை இருக்கட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று, அம்மா சொல்லச் சொல்ல நான் சாயங்காலம் எழுதிய கடிதத்தின் முதல் வரியில் இருக்கும். கருவாட்டுப் பொட்டலத்தின் மேலேயே அந்தக் கடிதம் இருப்பதால் அதை நீ முதலில் படித்திருப்பாய். இது அடியில், நெத்திலிக்கும் வஞ்சிரத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்தது. இரண்டும் என் கையெழுத்துதான், ஆனால் அது அம்மாவின் கடிதம், இது என்னுடையது. நாங்கள் சுகமாக இல்லை அண்ணா.

எதிர்வீட்டு அறிவுமதி அண்ணன் விடியற்காலையில் வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறப் போகிறார், அதற்குள் இதை எழுதி உள்ளே வைத்துக் கட்டிவிட வேண்டும். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார், மற்ற நேரமெல்லாம் ஃபோன் அவர் தலைமாட்டில் இருக்கிறது. வெளிநாட்டில் கடலில் நிற்கிற பிள்ளைக்கு இங்கே நடக்கிற எதையும் சொல்லக் கூடாது, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். இப்போது அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான். நான் விளக்குப் போடவில்லை. ரிசார்ட்காரர்கள் வேலியில் கட்டியிருக்கிற பெரிய விளக்கு நம் ஜன்னல் வழியாக வந்து சாமி படம் மாட்டிய சுவர் வரைக்கும் விழுகிறது, அதில் எழுத்து நன்றாகவே தெரிகிறது. அம்மா திரும்பிப் படுக்கும்போதெல்லாம் நோட்டை மடியில் கவிழ்த்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அங்கங்கே எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

மாசி மகத்தன்று எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று நினைவிருக்கிறதா? ஆர்ச் கோபுரம் மாதிரி இருக்கிறது, நம் அம்மனுக்கு இப்படி ஓர் அலங்காரம் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை, அப்பா பரிவட்டம் கட்டுகிற அழகைப் பாரேன் என்று அன்றைக்கு மட்டும் எத்தனை தடவை கூப்பிட்டாய். அந்த வீடியோவில்தான் நம் பாதை போய்விட்டது. நீ வீடியோவில் பார்த்தது ரிசார்ட்டின் கேட். நம் படகுத்துறையிலிருந்து மணல்மேட்டில் ஏறி, தாழம்புதருக்கும் பனைமரத்துக்கும் நடுவில் தெற்கே போகிற கரைப்பாதை இருக்கிறதே, அதன் மேலேயே இந்தப் பக்கம் ஒரு கேட்டும் அந்தப் பக்கம் ஒரு கேட்டும் வைத்துவிட்டார்கள். பின்னால் இருக்கிற நிலம் அவர்கள் வாங்கியது, மணல்மேடும் அதோடு சேர்ந்தது என்கிறார்கள். மாசி மகத்தின்போது கேட்டைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். வழக்கமாகப் போகிறவர்கள் போகலாம், பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம் என்று சொன்னார்கள், அப்பாவும் ஊரில் எல்லோரும் அதை நம்பினார்கள்.

தெருவுக்குள் அம்மன் வரும்போது வாசலுக்கு வாசல் நிற்பாள், அந்த வாசலுக்கு உரியவர் தேங்காய் பழத்தோடு தட்டு வைப்பார், முதல் குங்குமம் அவருக்குக் கொடுப்பார்கள். கரையில் மட்டும் அம்மனை இறக்கவே மாட்டோம், வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரிக்குத் தண்ணீரில் இறங்குகிற வரைக்கும் தோள் மாற்றிக்கொண்டே போவோம். நீயும் தோள் கொடுத்திருக்கிறாய், உன் தோலுரிந்த தோளுக்கு அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். இந்த வருடம் நாட்டாமை முறை அப்பாவுக்கு வந்ததால் அவர்தான் கோல் பிடித்து முன்னால் போனார். கேட்டுக்குப் பக்கத்தில் போனதும் ரிசார்ட் மேனேஜர் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு கையில் தட்டோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மேளம், நீர்மோர்ப் பந்தல், கீழே சிவப்புத் துணி. தூக்கிக்கொண்டு வந்த ஆட்கள் அப்பாவைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாதான் கத்தினாள். “யோவ், கரையில எறக்காதீங்கய்யா, தோளு மாத்திக்கிட்டே போங்க” என்று. அப்பா திரும்பிப் பார்க்காமலேயே, “அம்மனுக்குன்னு தட்டு வந்துடுச்சு, அத வேணாம்னு சொல்றதுக்கு நான் யாரு?” என்றார். அதுவும் நம் ஊர் வழக்கம்தான் அண்ணா, அவர் சொன்னதில் தப்பில்லை. யார் தட்டு வைத்தாலும் அம்மன் சார்பில் மறுக்கக் கூடாது. இந்த இரண்டு வழக்கமும் ஒன்றோடொன்று மோதும்படி இதுவரைக்கும் கரையில் ஒருத்தரும் தட்டோடு வந்து நின்றதில்லை. அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கோலைத் தாழ்த்தினார். அம்மனை இறக்கினார்கள், கற்பூரம் காட்டினார்கள், மேனேஜர் தலையில் அப்பாவே பரிவட்டம் கட்டி முதல் குங்குமம் கொடுத்தார். மேலே ரிசார்ட்காரர்கள் வீடியோ எடுக்க விட்ட டிரோன் சுற்றிக்கொண்டே இருந்தது. பையன்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கை ஆட்டினார்கள், நானும் ஆட்டினேன்.

பங்குனி பிறந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அதோடு விடாமல் வேலியைக் கீழே அலை வருகிற இடம் வரைக்கும் இழுத்து, மணல் அரிக்காமல் இருக்க என்று சொல்லி வரிசையாகக் கருங்கல் கொட்டினார்கள். இப்போது வேலிக்கும் கடலுக்கும் நடுவில் கால் வைக்க மணலே இல்லை, தண்ணீர் உள்வாங்கும்போது கல்லின் மேல் கால் வைத்து வேலியைப் பிடித்துக்கொண்டு போனால்தான் உண்டு. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவும் மற்றவர்களும் அப்படித்தான் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். ரோட்டு வழியாகப் போனால் பெரிய சுற்று, கூடையைப் பார்த்தால் பஸ்காரன் நிறுத்துவதில்லை, ஆட்டோவில் போனால் மீன் விற்று ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பங்குனியில் ஓர் ஆமை முட்டை போட ஏறி வந்து கல்லிடுக்கில் மாட்டிச் செத்துக் கிடந்தது. அம்மாதான் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்து அதைக் கல்லிலிருந்து எடுக்கப் பார்த்தாள், ஒருத்தியால் முடியவில்லை. அன்றைக்கு அவள் மார்க்கெட்டுக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். காய்ச்சலா என்று கேட்டேன், இல்லை என்றாள்.

கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் செஞ்சி பக்கத்து ஆள், பாவம். அம்மா தினமும் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கல்லில் இறங்குவாள். அவர், “அக்கா, எம்பொழப்புல மண்ணப் போடாதக்கா” என்று கெஞ்சுவார். “எம்மண்ணத்தான்டா ஒங்க மொதலாளி லாரி லாரியா அள்றான், ஒன் பொழப்புல போட என்கிட்ட ஏது மண்ணு” என்று அம்மா சொல்வாள். அவரும் சிரித்துவிடுவார். திரும்பி வரும்போது விற்காத சங்கரா மீன் இருந்தால் அவருக்கு இரண்டு கொடுத்துவிட்டு வருவாள். அதையெல்லாம் பார்த்து இது சண்டையே இல்லை, எப்படியும் ஒருநாள் திறந்துவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வாம்பாள் அத்தை விழுகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். அத்தை பாசியில் வழுக்கிக் கல்லிடுக்கில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது, “இடுப்பு போனா போவுது, நடுக்கல்லுல பாசி புடிச்சிருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு அஞ்சலாட்சி, எவளாவது புள்ளத்தாச்சி போயி விழுந்துறப் போறா” என்றுதான் அத்தை அம்மாவிடம் முதலில் சொன்னார்கள். இனிமேல் கூடை தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை அவர்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அத்தை வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று அம்மா சொல்ல நான் எழுதியிருக்கிறேன் பார், அந்த வரிக்கு அர்த்தம் இதுதான்.

அத்தை விழுந்த பிறகுதான் பாதையைத் திறந்துவிடச் சொல்லி அம்மா மனுக் கொடுத்தாள். சித்திரையில் ஓர் அலுவலகத்தில் விசாரணை என்று கூப்பிட்டார்கள், நாட்டாமை என்பதால் அப்பாவையும். எனக்கு லீவாக இருந்ததால் இங்கிலீஷில் எதையாவது நீட்டினால் படித்துச் சொல்ல வேண்டும் என்று அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அதிகாரி கெட்டவர் இல்லை, எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இதில் பாதை என்று கோடு எதுவும் இல்லையேம்மா என்றார். “வந்து பாருங்க சார், நடந்து நடந்து கோடு போட்ட மாரியே இருக்கும். புல்லு கூட மொளைக்காது” என்று அம்மா சொன்னாள். அவர் சிரித்துவிட்டு அதை எழுதிக்கொண்டார். ஊரே நடந்த வழியை ஒருத்தர் மூட முடியாது, நான் நேரில் வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னார். எனக்கு மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகுதான் ரிசார்ட் வக்கீல் எழுந்து லேப்டாப்பைத் திருப்பி வைத்து அந்த வீடியோவைப் போட்டார். பார்த்து முடித்ததும் வக்கீல் அப்பாவிடம் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் ஊரில் முதல் குங்குமம் யாருக்குக் கொடுப்பீர்கள் ஐயா என்று. “வாசலுக்கு உரியவருக்கு” என்றார் அப்பா. அன்றைக்கு யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து, “தெரியாம குடுத்துட்டோம்னு சொல்லுய்யா, ஒரு வார்த்த சொல்லு” என்றாள். எல்லோரும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, “அம்மன் நின்ன எடத்துல தெரியாம நின்னுட்டாள்னு நான் எப்டிச் சொல்றது?” என்று அம்மாவிடம்தான் சொன்னார், ஆனால் அதிகாரி காதில் விழுந்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தடம் பார்க்க அவர் வரவேயில்லை.

அப்பா மேல் நீ கோபப்படாதே அண்ணா. பொய் சொல்லியிருந்தால் பாதை கிடைத்திருக்கும், ஆனால் அவர் அப்புறம் கோலைத் தொட்டிருக்க மாட்டார். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு பேரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். அதன்பிறகு அப்பா வீட்டில் சாப்பிடுகிறார், படுக்கிறார், பேசுவதில்லை. உன்னோடு ஃபோனில் பேசும்போது மட்டும்தான் அந்தச் சிரிப்பெல்லாம். கோயிலுக்குள்ளும் போவதில்லை, வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்.

இனி உன்னைப் பற்றியது. ரிசார்ட்டில் சுற்றுலாப் படகு ஓட்ட நம் ஊர்ப் பையன்களை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா உன் பெயரையும் சொல்லிவிட்டு வந்தார். அதைக் கேட்டதும் நீ ஃபோனில், “அப்பா, தீபாவளிக்கு வந்துட்டா திரும்பி இங்க வர வேணாம் போலருக்கே” என்று சொன்னாய். உன் குரல் அன்றைக்குச் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. அம்மா பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் கழுவப் போகிறேன் என்று பின்பக்கம் போனவள் வெகு நேரம் வரவில்லை. வேலை ஆசையில் ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் இப்போது ரிசார்ட் பக்கம், கேட்டைப் பற்றிப் பேசினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீயும் இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தை, “எழிலு வர்றான்னா வுட்டுடேன்டி இந்த வம்ப” என்று சொன்னார்கள். அம்மா, “எம்புள்ளய இந்தக் கரையில நிக்க வச்சுப் பாக்கணும்னுதான் எனக்கும் ஆச. கரையே இல்லன்னா அவன எங்க நிக்க வக்கிறது?” என்றாள். சொல்லிவிட்டு அத்தையின் போர்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது. மணல்மேட்டைச் சமமாக்கி நீச்சல்குளம் கட்டப் போகிறார்களாம், தாழம்புதரையும் பனையையும் அடியோடு எடுத்துவிடுவார்கள். அடம்பங்கொடி இப்போது மேடு முழுக்கப் பூத்துக் கிடக்கிறது, வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிறது. அம்மாவும் இன்னும் சில பெண்களும் விடியற்காலையில் கல் வழியாக உள்ளே போய் மேட்டில் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அது எப்படியோ தெரிந்து நேற்று போலீஸ் வந்து அம்மா பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு முன்னால் ஊர்க்கூட்டம். பையன்களுக்கு வேலை என்று ரிசார்ட்டோடு ஊர் பேசி ஒத்துக்கொண்ட பேச்சுக்கு எதிராகப் போகிறவர்களை ஊரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்கப் போகிறார்கள். தள்ளி வைத்தால் நம் மீனை யாரும் ஏலம் எடுக்க மாட்டார்கள், படகில் ஆள் ஏற மாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டியது நாட்டாமை. சாயங்காலம் அம்மாவின் கடிதத்தை எழுதி முடித்த பிறகு அப்பா முதல் தடவையாக அம்மாவிடம் பேசினார். “அஞ்சலாட்சி, என் வாயால சொல்ல வச்சிடாத” என்றார். அம்மா, “தட்டு வந்தா வேணாம்னு சொல்லக் கூடாதுன்னியே, பொண்டாட்டிய மட்டும் வேணாம்னு சொல்லலாமா?” என்று கேட்டாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் படகிலேயே படுத்துக்கொண்டார். ஃபோனை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார், நீ கூப்பிட்டால் நான் எடுத்துப் பேசிவிடுவேன் என்று அவருக்குப் பயம்.

இதுவரைக்கும் எழுதியது ஊருக்கே தெரிந்ததுதான். இனிமேல் எழுதுவது எனக்கு மட்டும் தெரிந்தது. பாதையை மூடியதிலிருந்து நான் பள்ளிக்கு மெயின் ரோட்டில்தான் போகிறேன். எங்கள் வகுப்புப் பெண்கள், “இனியா, ரிசார்ட் வந்தா எங்களையும் ஸ்விம்மிங் பூல்ல உடுவியாடி, ஒங்க ஊருதான?” என்று கிண்டல் செய்வார்கள், நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வாங்கடி என்று சொல்வேன். வியாழக்கிழமை அப்படிப் பேசிச் சிரித்துவிட்டு அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு பள்ளி வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. “நீ அஞ்சலாட்சி பொண்ணுதான?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “தெனமும் ரோட்டுலதான நடந்து போற? ஓரமா போம்மா, வண்டிங்க வேகமா வருது. ஒங்கம்மாகிட்டயும் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டவில்லை அண்ணா, நல்லதுதான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வருகிற வரைக்கும் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டபோதெல்லாம் ரோட்டை விட்டு இறங்கி நின்றேன். நேற்றும் அதே பைக் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தது, அல்லது அதே மாதிரி வேறு பைக்காகவும் இருக்கலாம்.

அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் திங்கட்கிழமை அவள் போக மாட்டாள். போலீஸ் வந்து எழுதியபோதும் ஊரை விட்டுத் தள்ளி வைப்பார்கள் என்றபோதும் அவள் அசையவில்லை, அப்பா கெஞ்சியும் அசையவில்லை, இதனால் அந்த வேலை போய் நீ வரமாட்டாய் என்று தெரிந்தும்கூட அசையவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சும்மாட்டைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அதைச் சொல்ல வைக்கத்தான் அந்த ஆளும் என்னைத் தேடி வந்திருக்கிறார். நான் சொன்னால் அவர் நினைத்தது நடக்கும், அப்புறம் அந்த மேடு போனதற்கு நான்தான் காரணம் என்று எனக்கு எப்போதும் தோன்றிக்கொண்டே இருக்கும். சொல்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இன்றைக்குச் சாப்பிடும்போது இரண்டு தடவை அம்மா என்று கூப்பிட்டேன், என்னடி என்றாள், குழம்பு ஊற்று என்றேன். உன்னிடம் கேட்கலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன், நீ பெரியவன், உனக்குத் தெரியும் என்று. எழுதிக்கொண்டே வரும்போதுதான் புரிகிறது, இது உன் கைக்கு வந்து நீ பிரிப்பதற்குள் ஞாயிறும் முடிந்திருக்கும், திங்களும் முடிந்திருக்கும். உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களில் யாராலும் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு பெண்கள் உட்கார்ந்தாலும் தூக்கி வேனில் ஏற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதிகாரி பேனாவை மூடியபோதே அது முடிந்துவிட்டது என்று அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தேதான் போகிறாள்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போகப் போவதில்லை. அம்மாவுக்குப் பின்னாலேயே கல்லில் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று இருக்கிறேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. ரோட்டில் தனியாக நடப்பதைவிட அங்கே பயம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். மணலில் பைக் வராது.

அம்மா நெஞ்சுச்சளி மருந்து அனுப்பியிருக்கிறாள், சாப்பாட்டுக்கு அப்புறம் குடி. ஈரத் துணியோடு படுக்காதே. தீபாவளிக்கு வந்தால் வா, வராமல் இருந்தாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்த வேலைக்கு நீ சரி என்று சொல்வதானால் சொல்லிக்கொள், ஆனால் சொல்வதற்கு முன்னால் அம்மாவின் கடிதத்தின் கடைசியை இன்னொரு தடவை எடுத்துப் படி. நீ ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் பஸ்ஸை வைத்திக்குப்பம் பக்கமே விட்டுவிட்டுக் கரை வழியாகத்தான் நடந்து வருவாய். அம்மா படகுத்துறையில் நின்றுகொண்டு, மேட்டின் மேல் புள்ளியாகத் தெரியும்போதே நடையைப் பார்த்து எம்புள்ளதான் என்று சொல்லிவிடுவாள், நான் அவ்வளவு தூரத்தில் எப்படித் தெரியும் என்று சண்டை போடுவேன். நீ போகும்போதும் அதே இடத்தில் நின்று, புள்ளி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் எல்லாம் சொல்லி முடித்து, நூறு வருஷம் நல்லாயிரு சாமி என்று ஆசீர்வாதமும் சொன்ன பிறகு, கைநாட்டுக்காக மை தடவ விரலை நீட்டியவள் நிறுத்திவிட்டு, இன்னொரு வரி எழுது என்றாள். “ஊருக்கு வரும்போது கரை வழியா வர வேணாம், ரோட்டு வழியாவே வா” என்று. ஏம்மா என்று கேட்டேன். எழுதுடி என்றாள். நீ அதை நாய்த் தொல்லைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படித்திருப்பாய். அவள் உனக்கு மறைக்காமல் சொன்னது அந்த ஒரு வரிதான்.

வெளியே அறிவுமதி அண்ணன் வீட்டில் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்கிறது. பெரியவனுக்கு நான் ஆசீர்வாதம் சொல்லக் கூடாது, அதனால் அம்மா சொன்னதையே எனக்கும் சேர்த்து எடுத்துக்கொள். இதைப் படித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடு. அம்மா சொன்னபடி ரோட்டு வழியாகவே வா. ஆனால் ஓரமாக வா அண்ணா, வண்டிகள் வேகமாக வருகின்றன.

உன் தங்கை
வ. இனியா